சின்னத்தாயியின் ராகிக்கு ஒரு கட்டைவிரல்

ஊறிய அவரைக்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள் சின்னத்தாயி. பருப்பு பாத்திரத்தில் குதிக்கும், தோல் விரலிலேயே நிற்கும். என்னைவிட மூன்று மடங்கு வேகம். டிசம்பர் கடைசியில் ஒரு நாள், அல்சூரில் கோதண்டராமன் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காலை எட்டு மணியிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. சும்மா உட்காரத் தெரியாதவள். உள்ளறையில் அந்த வீட்டு மகன் பாலகுமார் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங்கில் இருந்தான். அவன் வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் கோதண்டராமன் ஆனேக்கல் பக்கத்திலுள்ள கொள்முதல் மையத்துக்கு நேரில் வந்து கருவியில் விரல் வைக்க வேண்டும். வைத்தால் சின்னத்தாயி விளைவித்த ராகியை அரசாங்கம் ஆதரவு விலைக்கு வாங்கும். வைக்காவிட்டால் வியாபாரி சொல்வதுதான் விலை. மூட்டைக்கு அறுநூறு ரூபாய் குறையும்.

கோதண்டராமனுக்கு ஆகஸ்ட்டில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, உட்கார வைத்து, கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முறையாகப் படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். எல்லோரும் சிஸ்டர் என்பார்கள்.

சின்னத்தாயி விளைவித்ததற்கு இவர் விரல் எதற்கு என்று நானும் முதலில் கேட்டேன். நிலம் இவருடையது. ஆனேக்கலுக்கு அப்பால் மூன்று ஏக்கர் மானாவாரி. பதினான்கு வருடமாக அதை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுப்பதாகப் பேசி, உழுவது சின்னத்தாயியும் அவள் கணவரும். வருடத்துக்கு இரண்டு மூட்டை ராகியும் ஒரு கூடை அவரைக்காயும் அல்சூருக்கு வரும். பேச்சு அவ்வளவுதான், காகிதம் எதுவும் கிடையாது. இந்தக் கன்னட மாநிலத்தில் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விட்டதாக எழுதிக்கொள்வது லேசில் முடியாது. உழுகிறவருக்கு நிலம் கிடைக்கட்டும் என்று ஒரு காலத்தில் போட்ட சட்டம். இப்போது உழுகிறவர் பெயர் எந்தத் தாளிலும் ஏறாமல் போனதற்கும் அதுவே காரணம். ஆதரவு விலை, வறட்சி நிவாரணம், டில்லியிலிருந்து வருடா வருடம் வரும் உதவித்தொகை எல்லாம் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு. கோதண்டராமன் நேர்மையானவர். தானே பஸ் ஏறிப் போய்ப் பதிவு செய்து, பணம் வந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். இந்த வருடம் அவரால் எழுந்து நிற்க முடியாது.

சின்னத்தாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் கல்யாணமாகி அந்தப் பக்கம் வந்தவள். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த பிறகு பாரம் தூக்கமாட்டார். ஏர் பிடிப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவள்தான். ஏருக்குப் பதில் இப்போது வாடகை டிராக்டர். சுற்றிலும் நிலங்கள் மனைகளாகிவிட்டன. அவள் ராகிக்கு மூன்று பக்கமும் காம்பவுண்டுச் சுவர். தானியத்தை விற்பாள், வைக்கோலை இரண்டு மாடுகளுக்குப் போடுவாள், பாலைச் சங்கத்தில் ஊற்றுவாள். அன்றாடச் செலவு பாலில்தான் ஓடுகிறது. போன வருடம் மழை பொய்த்தது. இந்த வருடமும் வியாபாரி விலைதான் என்றால் அடுத்த விதைப்புக்கு வழியில்லை. விதைக்காவிட்டால் வைக்கோல் இல்லை, மாடுகளை விற்க வேண்டும். அடுகோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு அவள் நாத்தனார் சொல்லிவைத்திருந்தாள். மறுநாள் காலை சேர வேண்டும்.

பதினொன்றரை மணிக்குப் பாலகுமார் வெளியே வந்தான்.

"சின்னத்தாயிம்மா, போன்லயே சொன்னேனே. இந்த வருஷம் விட்ருங்க. வியாபாரிக்கே போட்ருங்க."

"போட்டா மாட்ட விக்கணும் தம்பி. நாளைக்கு அடுகோடிக்கு வேலைக்குப் போவணும்."

"நல்ல வேலைதானே. மாசம் பொறந்தா சம்பளம்."

"நல்ல வேலைதான். நீங்க போயிட்டு வந்த கக்கூஸ நான் கழுவற வேல."

பாலகுமாரின் தாயார் மங்களம் காப்பி ஆற்றிக்கொண்டே சிரித்துவிட்டார். மகன் முகம் சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. வருஷா வருஷம் உழுதவன் கேஸ் போட்டான், நிலம் சிக்கல்ல மாட்டிக்கிச்சு. அங்க வந்து நாலு பேர் முன்னாடி நீங்கதான் உழறீங்கன்னு தெரிஞ்சா எனக்கு ரிஸ்க். ஒண்ணு செய்யுங்க. வாரம் இல்ல, கூலிக்குத்தான் வேலை செஞ்சோம்னு எழுதிக் குடுங்க. அப்பாவை அனுப்பறேன்."

சின்னத்தாயி கையை முந்தானையில் துடைத்தாள்.

"கொண்டாங்க பேனாவ. கூலின்னே எழுதுங்க, கைநாட்டு வெக்கறேன். ஆனா தம்பி, கூலின்னா கூலி குடுக்கணுமில்ல? பதினாலு வருசம், ரெண்டு ஆளு. வெத, எரு, டிராக்டர் வாடக வேற. மொத்தத்தையும் குடுத்துட்டு நாப்பத்திரெண்டு மூட்டையும் நீங்களே எடுத்துக்குங்க. எங்க எறக்கட்டும்? உங்க லிப்ட்ல ஏறுமா?"

"பால்கனில எறக்கச் சொல்லுடா," என்றார் மங்களம். "உம் பொண்டாட்டி துணி காயப்போட எடமில்லாம உன்னைக் காயப்போடட்டும்."

"நீ சும்மா இரும்மா!"

சக்கர நாற்காலியிலிருந்து கோதண்டராமன் இடது கையைத் தூக்கினார். அவருக்கு வார்த்தை வர நேரமாகும். "போ... லாம்," என்றார்.

பாலகுமார் என்னைப் பார்த்தான். "சிஸ்டர், இவரால முடியுமா?"

"பிரஷர் நூத்தி நாப்பது. சாஞ்சு உக்காரலாம். டயப்பர் நான் எடுத்துக்கறேன். நீங்க வண்டி சொல்லுங்க."

சொன்னான். பேனாவைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. "பேங்க்ல பணம் வந்தா எடுத்துத் தர்றது என் பொறுப்பு," என்று மங்களம் வாசல்வரை வந்து சின்னத்தாயியிடம் சொன்னார். "அதுல எம் பேரும் இருக்கு."

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். அடுகோடி தாண்டி ஓசூர் ரோட்டில் வண்டி நகரவில்லை. கோதண்டராமன் நிலைகொள்ளாமல் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். வீட்டில் அவர் விரலுக்குப் பயிற்சியாக இரண்டு வாரமாக ஊறிய அவரையைத்தான் பிதுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் அமைதியாகிவிடுவார். அன்றும் மிச்சமிருந்ததைத் தண்ணீரோடு ஒரு டப்பாவில் எடுத்து வந்திருந்தேன். மடியில் வைத்ததும் அடங்கினார். வழி முழுக்கப் பிதுக்கினார். எனக்கு என் சாமர்த்தியத்தில் திருப்தி.

மையத்தில் நீண்ட வரிசை. நின்றவர்களில் பாதிப் பேர் சின்னத்தாயியைப் போல வேறொருவர் நிலத்தில் உழுகிறவர்கள். ஆளுக்கொரு நிலக்காரரைக் கூட்டி வந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு, கையில் இளநீர் கொடுத்துக் கல்யாண மாப்பிள்ளையைப் போல உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது மணி மூன்றே முக்கால். கருவியோடு உட்கார்ந்திருந்தவர் பெயர் சுதீர், கன்னடக்காரர். தமிழும் பேசினார்.

கோதண்டராமனின் இடது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. ஆட்காட்டி விரல், அதுவும் சிவப்பு.

"ஆகல்லா அம்மா. பெரளு எல்லாம் ஊறிப்போயிருக்கு. என்னா பண்ணீங்க, துணி தொவைச்சாரா?"

குனிந்து பார்த்தேன். விரல் நுனிகள் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியிருந்தன. ரேகை எங்கே தெரியப்போகிறது? வலது கையை முயன்றோம். அது முஷ்டியாக இறுகிப்போனது. பிரித்தால் அவருக்கு வலிக்கும், பிரித்தாலும் கருவியில் படியவில்லை.

"என் தப்பு," என்றேன் சின்னத்தாயியிடம். "அவரையைக் குடுத்திருக்கக் கூடாது."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "எங்க வயல் அவரதான் சிஸ்டர். அதுக்குத் தெரியுமா, கூடப் பொறந்த ராகிக்கு வேட்டு வெக்கறோம்னு," என்றாள். பிறகு சுதீர் பக்கம் திரும்பினாள். "அஞ்சு மணிக்குள்ள மறுபடி வந்தா எடுப்பியா சாமி?"

"சர்வர் இருந்தா எடுக்கறேன். அஞ்சுக்கு மேல அது தன்னால மூடிடும்."

அவரை வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். கையைத் துண்டால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை; வயதானவர் தோல் தேய்த்தால் உரிந்துவிடும். என் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அந்தக் கையை வைத்து, சூடு ஏறட்டும் என்று உட்கார்ந்தேன். பக்கவாதம் வந்தவர், ரத்த ஓட்டம் மந்தம், நம்மைப் போலப் பத்து நிமிடத்தில் சரியாகாது. சின்னத்தாயி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவ்வப்போது அங்கிருந்தே கத்தினாள்.

"சிஸ்டர், சுருக்கம் போச்சா?"

"பாதி போச்சு."

"மீதி என் மூஞ்சிலேயே இருக்கட்டும், அவரு வெரல்ல வேணாம்னு சொல்லுங்க!"

வரிசையே சிரித்தது. கோதண்டராமனும் வாய் கோணச் சிரித்தார். நான்கு நாற்பதுக்கு அவள் முறை வந்தது. கட்டைவிரலை நான் பிடித்து, நேராக, மெதுவாக அழுத்தினேன். சிவப்பு. விரலை எடுத்து, கண்ணாடியை என் புடவையால் துடைத்து, மறுபடி வைத்தேன். பச்சை.

சுதீர் சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். சின்னத்தாயிக்குப் படிக்க வராது. நான் படித்துச் சொன்னேன். பெயர் கோதண்டராமன், ராகி, முப்பது மூட்டை.

"நாப்பத்திரெண்டு இருக்குதே?"

"இந்தத் தடவை இவ்ளோதான் வரம்பு, அம்மா. மேல இருக்கறத வெளில போட்டுக்குங்க. இன்னொண்ணு, சுத்தமா சலிச்சுக் கொண்டாங்க. மண்ணு இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்ற எனக்குக் கைகொடுத்தாள். அவர் காலைத் தொட்டுக் கும்பிடவெல்லாம் இல்லை. சரிந்திருந்த தலையணையை மட்டும் நிமிர்த்தி வைத்தாள். எனக்கு அது பிடித்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடு கறந்து, பாலை ஊற்றிவிட்டு, அடுகோடி குடியிருப்பின் சூப்பர்வைசர் லீனாவுக்குப் போன் செய்து தான் வரவில்லை என்று சொன்னாள். ஏழரைக்கு வியாபாரியின் டெம்போ வந்தது. பன்னிரண்டு மூட்டையை அவன் சொன்ன விலைக்கே ஏற்றிவிட்டாள். பேரம் பேசி ஐம்பது ரூபாய்கூட ஏறவில்லை. பிறகு களத்தில் சாக்கை விரித்து, கணவர் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொள்ள, பதிவான முப்பது மூட்டையையும் சலிக்க உட்கார்ந்தாள். மதியம் நான் போனில் கேட்டபோது எட்டு மூட்டை முடிந்திருந்தது.