யார் கை இது?

ரோபோ அறையின் தரையில் ஒரு காந்தத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறார் மீட்டர் மிஸ். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். மேசைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், கதவிடுக்கில் என்று அது போகிற இடமெல்லாம் சின்னச் சின்னத் திருகாணிகள் டிக்கென்று தாவி ஒட்டிக்கொள்கின்றன. மூலைக்கு வந்ததும் குனிந்து அவற்றை உள்ளங்கையில் வழித்தெடுக்கிறார். ஒன்றை மட்டும் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இது நம்ம திருகாணி இல்லையே. எவனோ வெளியிலேர்ந்து கொண்டு வந்திருக்கான்."

பள்ளிக்கூடத்தைப் பெருக்குவதற்கு ஓர் அம்மா இருக்கிறார். இந்த ஓர் அறைக்குள் மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது. குப்பையோடு சாமானும் போய்விடும் என்று மிஸ் காரணம் சொல்கிறார். பெருக்குகிற அம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வாசலில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "பெருக்குங்க, பெருக்குங்க. உங்க சந்தேகத்தால எனக்கு ஒரு ரூம் மிச்சம்" என்பார். மிஸ் அதற்கும் கோபப்படாமல், "காலைத் தூக்குங்க, அடியில ஏதாவது இருக்கும்" என்பார்.

மீட்டர் மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மற்ற ஆசிரியர்கள் அடையாள அட்டை தொங்கவிடுகிற இடத்தில் இவர் கழுத்தில் மின்சாரம் பார்க்கும் மஞ்சள் மீட்டர் தொங்கும். ஒயரின் இரண்டு முனைகளிலும் அதன் ஊசிகளை வைத்தால், நடுவில் அறுந்திராத ஒயருக்குப் பீப் என்று கத்தும். "நல்ல ஒயரா இருந்தா கத்திச் சொல்லிடும். மனுஷன் அப்படிக் கத்த மாட்டான். அதான் கஷ்டம்" என்று புதிதாக வருகிற ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

முன்பு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தலைமை ஆசிரியர் பழைய சாமான் அறையின் சாவியையும், சக்கரம், மோட்டார், சென்சார் என்று அடைத்து வந்த அட்டைப் பெட்டிகளையும் கொடுத்து, "உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோபோ சொல்லிக்கொடுங்க" என்றார். மிஸ் பெட்டிகளைப் பிரிக்கும் முன் ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்தாராம். கரும்பலகையில் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. முதல் நாளே ஓடாத மின்விசிறியையும் செத்துப்போன பிரிண்டரையும் மேசையில் போட்டு, "பாடம் அப்புறம். முதல்ல கழட்டு" என்பார். அடுத்த அறையில் நான் மொழிப்பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். சுவரைத் தாண்டி வரும் தட்டலிலும் கூச்சலிலும் என் பிள்ளைகளின் காதுகள் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும்.

எந்த ரோபோவைக் கொடுத்தாலும் அது ஓடுகிறதா என்று மிஸ் முதலில் பார்ப்பதில்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற தாயைப் போலத் தலைகீழாகத் திருப்பி, ஈயம் வைத்த இடங்களைப் பார்ப்பார். ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டவைப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. "இது மூக்கு ஒழுகுற மாதிரி இருக்கு, வாத்தோட வேலை" என்பார். வாத்து என்பது பின்வரிசைப் பையன். நடையிலும் அப்படி, அவன் செய்த ரோபோவும் அப்படி. நான்கைந்து ரோபோக்களைக் கலைத்துப் போட்டாலும் எது யாருடையது என்று மிஸ் பிரித்துக் கொடுத்துவிடுவார். பிடிபடாதது வந்தால்தான் அந்தக் கேள்வி வரும். "யார் கை இது?"

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளி ரோபோ ஒன்று போட்டியில் இறுதிச் சுற்று வரை போனது. நடுவர் ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கி, "மறுபடி மாட்டு, தம்பி" என்றார். பையன் ரோபோவைப் பார்த்தான், கூட்டத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தான், அழுதுவிட்டான். அடுத்த வாரம் மிஸ் ஆசிரியர் அறையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "அப்பன் செஞ்சு கொடுக்கிற வீட்டுப் பிள்ளை ஜெயிச்சுட்டுப் போனா, செஞ்சு கொடுக்க ஆளில்லாத பிள்ளை எங்க போகும், டீச்சர்?"

வீட்டிலும் அவர் இப்படித்தான். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். "அடுப்பை அணைச்சிட்டேன்னு சொன்னா 'சரிங்க'ம்பா. ஆனா காலு அடுப்படிப் பக்கம் தானா போயிடும்" என்றார், ஒரு முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மிஸ் டீ போட உள்ளே போயிருந்த நேரத்தில். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வீடியோ அழைப்பில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் மிஸ் நம்ப மாட்டார். "தட்டைக் காட்டு" என்பார். அந்தப் பெண் கழுவாத தட்டு ஒன்றை இதற்காகவே பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார். உள்ளேயிருந்து, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று குரல் வந்தது.

இந்த வருஷப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு ரோபோ, ஒரு ஆள். ஜெயிப்பவருக்கு ஒரு பொறியியல் கல்லூரியில் விடுமுறைப் பயிற்சி. மிஸ்ஸின் மனத்தில் இருந்தவள் சைலன்ஸர் என்று மற்றவர்கள் கூப்பிடும் பெண். பேசவே மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். என் வகுப்பில் பாட்டு ஒப்பிக்கச் சொன்னால்கூட உதடு மட்டும்தான் அசையும். அவள் ஒரு நாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் பேசுறதைக் கேக்குறீங்களா?"

போட்டியில் ரோபோவை எப்படிச் செய்தாய் என்று நடுவர்கள் முன்னால் பேச வேண்டுமாம். தினமும் சாப்பாட்டு வேளையில் வந்து சுவரைப் பார்த்துப் பேசினாள், பிறகு ஜன்னலைப் பார்த்து. போன வாரம்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். எவ்வளவு ஆசை இருந்தால் அந்த வாயிலிருந்து அவ்வளவு சொல் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ரோபோ தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற வகை. நேராக நன்றாகப் போகும். வளைவில் ஏதாவது ஓர் ஒயர் விட்டுவிடும், நின்றுவிடும். அறைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால் சனி ஞாயிறுக்கு மட்டும் ரோபோக்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நேர்ந்தது. மிஸ் மனசே இல்லாமல் அனுப்பினார். "அப்பா தொடக் கூடாது. அண்ணன் தொடக் கூடாது. பூனை தொட்டா பரவாயில்லை."

திங்கட்கிழமை சைலன்ஸரின் ரோபோ வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சத்தம் கேட்டு நானும் எட்டிப் பார்த்தேன். மிஸ் அதைத் தூக்கித் திருப்பினார். முன்பு ஈயம் கட்டிகட்டியாகச் சிந்திக் கிடந்த இடத்தில் இப்போது வரிசையாக, பளபளவென்று, குட்டிக் கூம்புகள்.

"யார் கை இது?"

"என் கைதான் மிஸ்."

"வெள்ளிக்கிழமை உன் கை இப்படி இல்லையே. ரெண்டு நாள்ல புதுசா முளைச்சுதா?"

வகுப்பு சிரித்தது.

"அப்பா என்ன வேலை பாக்கறார்?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"ம்ம். வீட்ல இருந்தாரா?"

"இருந்தார் மிஸ். தூங்கிட்டிருந்தார்."

"அவர் டூல்ஸ் பெட்டி முழிச்சிட்டிருந்துச்சு போல மிஸ்" என்றான் வாத்து. இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவள் காது மடல்கள் சிவந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன்.

மிஸ் அன்று டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். "நல்ல பொண்ணு டீச்சர். அதான் பயமா இருக்கு. பெத்தவன் பாசத்துல தொட்டிருப்பான். அங்க போய் ஒயரைப் பிடுங்கினா இவளும் நின்னு அழுவா. வாத்தையே அனுப்பிடறேன். தோத்தாலும் அவன் கை."

"அவளேதான் செஞ்சிருந்தா?"

"செஞ்சிருந்தா இன்னொரு தரம் செய்யட்டும். நீங்களும் வந்து உக்காருங்க. நாளைக்கு நான் பொய் சொல்றேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது பாருங்க." தன் மேலேயே அவருக்கு நம்பிக்கையில்லை என்று தோன்றியது.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு மூன்று பேரும் அந்த அறையில் இருந்தோம். புதுச் சுண்ணாம்பு வாடை. மிஸ் ரோபோவைத் திருப்பி, வெட்டுக்குறடால் இரண்டு மோட்டார் ஒயர்களையும் நறுக்கினார். "ஒட்டு."

ஈயம் உருக்கும் சால்டரிங் அயன்களின் ஒயரை மிஸ் ஒவ்வொரு மேசையிலும் வலது ஓரத்தில், தாங்கியோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார். ஒயர் முழ நீளம்கூட வெளியே வராது. ஒன்று காணாமல் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. பெண் வலது கையில் அயனை எடுத்தாள். புகை எழுந்தது. ஈயம் ஒரு பக்கமாக வழிந்து, கட்டியாக உறைந்தது. இரண்டாவதும் அப்படியே.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றார் மிஸ். குரலில் ஜெயித்த களை இல்லை. கெட்ட சேதி கேட்டவர் போல இருந்தார்.

பெண் அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இந்தத் திருகாணியைக் கழட்டி அயனை இந்தப் பக்கம் தர்றீங்களா மிஸ்?" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்கு இடது கை."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "இவ எந்தக் கையில எழுதறா?"

"வலதுலதான்" என்றேன். அதுதான் உண்மை.

"எழுத மட்டும்தான் வலது. சின்னதுல அம்மா மாத்திவிட்டாங்க. மத்ததெல்லாம் இடதுதான் மிஸ். வீட்ல அப்பாவோட அயனை இடது கையிலதான் பிடிச்சேன்."

மிஸ் அவளைப் பார்த்தார், அயனைப் பார்த்தார். திருப்புளியை எடுத்துக் குனிந்தார். துருப்பிடித்த திருகாணி லேசில் அசையவில்லை. மூச்சு வாங்கக் கழற்றி, தாங்கியை மேசையின் இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். பெண் பழைய ஈயத்தை உருக்கித் துடைத்தாள். அயனை இடது கையில் வாங்கினாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். முனை ஒரு கணம் தொட்டது, ஈயம் தண்ணீர் மாதிரி பரவியது, விலகியது. குட்டிக் கூம்பு. பக்கத்தில் இன்னொன்று.

மிஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மீட்டர் ஊசிகளை வைத்தார். பீப் என்றது. இரண்டாவதையும் வைத்தார். ரோபோவைத் தரையில் விட்டார். வளைவைத் தாண்டி அது சுவர்வரை போய் நின்றது.

"ஏன்டி, வருஷம் பூராவும் வலது கையில மல்லாடிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் மிஸ். முதல் வாரமே. அயனைக் கழட்டித் தர முடியுமான்னு. 'கழட்டி எங்க, உன் பைக்குள்ள போடவா?'ன்னு கேட்டீங்க."

மிஸ்ஸுக்கு நினைவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்படி அவர் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். ரோபோவை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, அவள் முன்னால் வைத்தார். "சரி. சனிக்கிழமை நீதான் போற. வாத்துகிட்ட நான் சொல்லிக்கிறேன். வெள்ளனே வந்துடு, என்ன?"

பெண் அயனை அணைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். தன் பையை எடுத்தாள். தோளில் மாட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அதன் வாயைத் திறந்து, மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். புத்தகங்கள், சாப்பாட்டு டப்பா, சீப்பு, மூடியில்லாத பேனா, கசங்கிய கைக்குட்டை. பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஓரங்களை உதறிக் காட்டினாள்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு?" என்றார் மிஸ். ஆனால் அவர் கண்கள் டப்பாவில் தொடங்கி, சீப்பு, பேனா, கைக்குட்டை என்று ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டன. அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் அடுக்கினாள். ரோபோவைத் தொடவில்லை.

"சனிக்கிழமை வருவேல்ல?" என்று கேட்டார் மிஸ்.

அவள் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"உன்னத்தாம்மா கேக்கறேன். வருவேல்ல?"

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கிப் போனது.