மருமகளோடு பேச ஆள் தேடினேன்

நாகூரில் எங்கள் ஜனத்தில் கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் பெண்ணுக்குத்தான். மகளைப் பெற்றவள் கடைசிவரை மகளோடு இருப்பாள். மகனை மட்டும் பெற்றவள், அவனையும் இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனியாக உட்கார்ந்து பல்லி கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு ஒரே மகன். என் வீட்டுக்காரர் மவுத்தாகி, பள்ளிக்கூட வேலையும் முடிந்த பிறகு, வாயைத் திறக்கவே காரணமில்லாமல் எனக்குப் பல நாட்கள் போயிருக்கின்றன. டீச்சர் வேலை பார்த்தவளுக்கு இதைவிடத் தண்டனை வேறு உண்டா?

அதனால்தான், பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் என் மகன், கூட வேலை பார்த்த இந்தோனேசியப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டதாகப் போனில் சொன்னபோது, சொந்தபந்தமெல்லாம் முகத்தைச் சுளிக்க, நான் மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் தாய்வீடு கிடையாது. வந்தால் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும். எனக்கும் சாகும்வரை ஒரு துணை கிடைக்கும்.

வந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. மகன் கொண்டுவந்து விட்டுவிட்டு, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத வேறொரு வேலைக்குக் கிளம்பிவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமி, நல்லா இருக்கீங்களா? ரொம்பப் பசிக்குது" என்றாள். நான் அப்படியே பூரித்துப் போனேன். அவர்கள் கடையில் முக்கால்வாசிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். மேசையைத் துடை, சீக்கிரம் எடு, கண்ணு எங்கே இருக்கு என்று திட்டித் திட்டியே அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷ்தான் எஸ், நோ, தேங்க்யூவுக்கு மேல் தெரியாது. புருஷனோடு மலாயில் பேசுவாள். எங்களோடு பேச அவளுக்கு இருந்தது தமிழ் ஒன்றுதான்.

அவள் வெளிப்படையான பெண். வந்த இரண்டாம் நாளே சொன்னாள். "மாமி, இங்க இருந்து பாக்குறேன். ஆளுங்களோட பேசிப் பழகிட்டா இங்கயே இருந்துடுறேன். இல்லன்னா புள்ள பொறக்குறதுக்கு முன்னாடி எங்க உம்மா வீட்டுக்குப் போயிடுறேன்."

"பேசுறதுக்கா ஆள் இல்ல? எங்க ஊர்ல வாயை மூட வைக்கிறதுதான் புள்ள கஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தேன்.

மறுநாளே பெண்கள் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. கூடப்பிறக்காத தங்கச்சி மாதிரி எனக்கு; அக்கா என்பதை லாத்தா என்பாள். உட்காரும் முன்பே, "ஹாய், ஹவ் ஆர் யூ? யூ லைக் நாகூர்?" என்றாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், இந்த இங்கிலீஷை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ தெரியவில்லை. மருமகள், "நல்லா இருக்கேன் மாமி. உக்காருங்க. வீட்ல எல்லாரும் சொகமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அல்லாவே! என்னா அழகாப் பேசுது லாத்தா! டீ குடிக்குமான்னு கேளுங்க" என்றாள்.

கேட்க வேண்டுமாம்! மருமகளின் காது என்ன என் முந்தானையிலா முடிந்திருக்கிறது? "ஏன், நீயே கேளேன்" என்றேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, பெருவிரலை வாயருகில் சாய்த்து, "டீ? டீ?" என்றாள். மருமகள் தலையாட்டினாள். வீட்டில் எல்லாரும் சுகமா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அதற்கப்புறம் ஆம்பிளைகள். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் மலேசியாவில் கடை வைத்திருந்து திரும்பிவந்த கிழவர்கள் நாலைந்து பேர் உண்டு. மலாய் பேசும் பெண் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அத்தர் பூசிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "அப்பா காபார்?" என்பார் ஒருவர். நலமா என்று அர்த்தம். "சூடா மாக்கான்?" என்பார் இன்னொருவர். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அதற்கு மேல் அவர்களுக்கும் மறந்துபோயிருந்தது. அவள் தமிழில் பதில் சொன்னால் முகம் வாடிப்போகும். பாவம் என்று அவளும் இரண்டு வார்த்தை மலாயில் சொல்லுவாள். காலேஜ் பிள்ளைகள் தங்கள் இங்கிலீஷைத் தீட்டிக்கொள்ள வந்தார்கள். ஆளாளுக்கு அவளிடம் ஒரு பாஷை பேசிப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குப் புரியும் தமிழை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

கோபப்பட்டு என்ன செய்ய? எங்கள் வழக்கமே அப்படி. மாமியார் வீட்டுக்கு வரும் மருமகள் இங்கே எப்போதும் விருந்தாளிதான். வருவாள், வட்டிலப்பம் வைப்போம், புடவை கொடுப்போம், சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளை வேலை வாங்குவதோ, அதட்டுவதோ, அவளோடு மல்லுக்கு நிற்பதோ எங்களுக்குத் தெரியாது. இவள் எங்கும் போகாமல் இங்கேயே இருக்கிறாள் என்பது யார் புத்தியிலும் ஏறவில்லை. தினமும் அவளை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள். விருந்தாளியைப் பேச வைத்துக் கஷ்டப்படுத்தலாமா?

நான் வீடு வீடாகப் போனேன். தமிழில் பேசுங்கள், சாதாரணமாகப் பேசுங்கள், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள் என்று சொன்னேன். எல்லாரும் சரி சரி என்றார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயைத் திறக்க வைப்பது அதைவிடக் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரியைக் கையைப் பிடித்துக் கேட்டேன். மத்தியானம் வந்து அவளோடு உட்கார், மீன் விலை பேசு, உன் நாத்தனாரைத் திட்டு, எதையாவது பேசு என்றேன். வந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் போனில் மருதாணிக் கோலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சத்தமே இல்லாமல். "என்னடி இது?" என்றால், "பாவம் லாத்தா, மாசமா இருக்குற புள்ள. வார்த்தையைத் தேடித் தேடித் தவிக்கிது. பாக்கச் சகிக்கல" என்கிறாள். "தவிக்கட்டும்டி! தவிச்சாத்தானே வரும்!" என்று கத்தினேன். "நீங்க இன்னும் டீச்சராவே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிசி உலையில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

கடைத்தெருவிலும் இதே கூத்துதான். அவள் "எவ்வளவு அண்ணே?" என்று கேட்டால், கடைக்காரர் பேசாமல் போனில் எண்ணைத் தட்டிக் காட்டுவார்.

நாட்டுப்புறத்து ஆட்கள் இங்கிலீஷுக்குப் போகமாட்டார்கள் என்று நினைத்து, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் சின்னம்மா மகள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் அவளைப் பார்த்ததும் நடவுப் பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, செவிடிக்குச் சொல்வதுபோலக் குரலை உயர்த்தி, "பாப்பா... எந்த... ஊரு?" என்றாள். "இந்தோனேசியாக்கா. எங்க ஊர்லயும் நெல்லுதான். இது என்ன நெல்லு போட்டுருக்கீங்க?" என்று மருமகள் கேட்டாள். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. சந்தோஷச் சிரிப்புதான், குற்றம் சொல்லமாட்டேன். "ஆத்தாடி! இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்கம்மா" என்று என்னிடம் கேட்டார்கள். என் சின்னம்மா மகள் போனை நீட்டிப் படம் எடுத்தாள். மருமகள் இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் சிரித்தார்கள். அது என்ன நெல் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தால் சிரிப்பு மட்டும்தான். "தேங்க்யூ" சொல்லப் பழகிக்கொண்டாள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. அமைதியான புள்ள என்று தெருவே அவளைப் புகழ்ந்தது.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். "மாமி, கோவிச்சுக்காதீங்க. இங்க எல்லாரும் நல்லவங்க. சிரிக்கிறாங்க, சாப்பாடு குடுக்குறாங்க. நான் கேட்டா பதில் மட்டும் சொல்லமாட்டேங்குறாங்க. கடையில அண்ணன் திட்டுவாரு. ஆனா என்னப் பாத்துத் திட்டுவாரு. நானும் திட்டுவேன். நான் உம்மாகிட்ட போறேன் மாமி. திரும்பி வரமாட்டேன்."

"நான் இருக்கேனே புள்ள. நான் பேசுறேனே" என்றேன்.

"நீங்க ஊர்ல எல்லாரோடயும் பேசுறீங்க. நான் மட்டும் உங்க ஒருத்தரோடதான் பேசணுமா?"

முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவள் நான். போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்த காலையில் தெருவே கூடியது. கூட ஏர்போர்ட் வரை போக மகனுடைய சிநேகிதனும் அவன் மனைவியும் ஏறியிருந்தார்கள். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அல்வாப் பெட்டி கொடுத்தார்கள், கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். "பை பை", "டேக் கேர்", "ஹேப்பி ஜர்னி" என்று ஆளுக்கொன்று. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள், பிள்ளையோடு வந்துவிடுவாள் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். வரமாட்டாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் வாயைத் திறந்தாள். "எல்லாரும் என்னை நல்லாப் பாத்துக்கிட்டீங்க. எனக்காக துஆ செய்யுங்க. எங்க மாமிய பாத்துக்குங்க, அவங்க தனியா இருப்பாங்க. போயிட்டு வர்றேன்."

யாராவது போயிட்டு வர்றேன் என்று சொன்னால், தூக்கத்தில் இருந்தால்கூட நம் ஆட்கள் போயிட்டு வாங்க என்பார்கள். அவள் அதற்காகத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கைதட்டினார்கள். தெரு முழுக்கக் கைதட்டினார்கள். "சூப்பர்! சூப்பர்!" என்றான் ஒருவன். நான் "போயிட்டு வா புள்ள" என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. கதவு சாத்திக்கொண்டது, கார் திரும்பிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாள். "என்னாமாப் பேசுது லாத்தா! தினம் பேச ஆள் மட்டும் கெடச்சிருந்தா, இன்னும் நல்லா வந்திருக்கும்."