மீன்கூடைப் பெட்டி

அந்தக் கடலோர ரயில் பாதையை முதலில் போட்டது மனிதர்களுக்காக அல்ல, உப்புக்காக. உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை சுமந்த வண்டியில் ஆட்கள் ஏறியதெல்லாம் பிறகுதான். தார்ச்சாலை வந்ததும் அவர்களும் பஸ்ஸுக்கு மாறிவிட, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வண்டிகள் இளைத்துப்போயின. அந்தச் சமயத்தில்தான் அவள் கார்டாக வந்து சேர்ந்தாள். அந்தப் பாதையில் கொடி பிடித்த முதல் பெண். மீன்காரிகள் அவளுக்குக் "கொடியக்கா" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

வண்டிக்கு உயிர் கொடுத்ததே அந்த மீன்காரிகள்தான். விடிந்ததும் கூடையோடு ஏறி நகரத்துச் சந்தையில் இறங்குவார்கள். கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். புகார் மேல் புகார் போய், கடைசியில் உத்தரவு வந்தது: இனி மீன்கூடையை ஏற்றக்கூடாது.

மறுநாள் காலை நடைமேடையில் எல்லோரும் கூடையோடு நிற்க, அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

"மீனை விட்டுட்டுப் போய் சந்தையில என்னத்த விக்கிறது கொடியக்கா, எங்க மூஞ்சியையா?"

கொடியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் பெட்டியை ஒட்டிய சாமான் அறை காலியாகத்தான் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கேட்கத்தான் செய்தார்கள். திடீரென்று சோதனைக்கு வந்த அதிகாரி, "யாரைக் கேட்டு ஏத்துனீங்க?" என்று சீறினார்.

"யாரையும் கேக்கல சார். இவங்களும் இறங்கிட்டா நானும் டிரைவரும்தான் வண்டியில போகணும். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை வேற கிடையாது."

மீன்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவளைச் சரக்கு வண்டிக்குத் தூக்கிப் போட்டார்கள்.

தையல்காரரான கணவர் ஆறுதல் சொன்னார்: "வேலையே போனாலும் போகட்டும். கடையில காஜா எடுத்துப் பட்டன் தைக்க ஆளில்லாம நான் தவிக்கிறேன்."

"உங்க கடைக்கு மீன்கூடையே மேல்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மீன்காரிகள் ஒருத்தியும் அவள் இல்லாத வண்டியில் கால் வைக்கவில்லை. லாரி பிடித்து, ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துச் சந்தைக்குப் போனார்கள். காலி வண்டி கடலுக்குக் காற்று வாங்கப் போவதுபோல் போய்வந்தது. ஒருவழியாக அலுவலகத்துக்கு உறைத்தது. பழைய பெட்டி ஒன்றின் இருக்கைகளைப் பிடுங்கி, தண்ணீர் வடியத் தரையில் துளை போட்டு, வண்டியின் வாலில் மாட்டினார்கள். அவளையும் திரும்ப அழைத்தார்கள். முதல் நாள் கூடைக்குக் கை கொடுத்ததில் சீருடை தொப்பலாக நனைந்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அந்தப் பெட்டியை நம்பிக் காய்கறிக்காரர்களும் வந்தார்கள். நின்றுபோன மத்தியான வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. இப்போது அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். சந்தைக்குப் போனால், கேட்ட விலைக்கே கொடுக்க மீன்காரிகள் போட்டி போடுகிறார்கள். அப்படியும் அவள்தான் விடாமல் பேரம் பேசுகிறாள்.