தேர் நாளில் ஒரு கோடரி

நேற்று பாரிஸில், லா சப்பலில் ஒரு ஆபிரிக்கக் கடையைத் தாண்டும்போது செம்பனை எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், ஃபோலா அக்கா நினைவில் வந்துவிட்டார்.

2010இல் வன்னியிலிருந்து வந்த புதிதில், நான் வேலைசெய்த தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவியவர் அவர். பெனின் நாட்டு யொரூபாப் பெண். எங்களோடு நின்று நின்று தமிழ் பழகிவிட்டார். ஆரம்பத்தில் மட்டும், நான் போனில் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்றால் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். அவர்கள் மொழியில் தண்ணீர் 'ஓமி'யாம். தாகமில்லாமலே நிறையக் குடித்திருக்கிறேன்.

அவரிடம் துணி சுற்றிய ஒரு சாமான் இருந்தது. முழ நீளத் தடி, தலையில் இரட்டைக் கோடரி, எல்லாம் மரம். இடியின் தெய்வமான சாங்கோவுக்கு ஆடுகிறவர் கையில் அது இருக்க வேண்டும். செம்பனை எண்ணெய் தடவித் துடைத்து வைப்பார்.

அந்த வருடம் நகருக்கு வெளியே சென் தெனியில் ஒரு மண்டபத்தில் அவர்களுடைய விழா. லா சப்பலில் எங்கள் கோயில் தேரும் அதே ஞாயிறுதான். "நான் ஆடுறன், தம்பி. வா" என்றார். போனேன். ஸ்டேஷன் வாசலில் பை சோதித்த பொலிஸ், இது என்ன என்று கேட்டது. எனக்கு அப்போது விசா இல்லை. முந்திக்கொண்டு "தெகொரசியோன்" என்றேன். அலங்காரச் சாமானாம். பொலிசிடம் காவடிக்கும் அதைத்தான் சொல்வோம், விட்டுவிடுவார்கள்.

ஃபோலா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிரெஞ்சில் நிதானமாக, "இல்லை. இது கோடரி. சாங்கோவின் கோடரி" என்றார்.

கோடரியோடு ரயில் ஏற முடியாது என்றுவிட்டார்கள். என் பேப்பரைக் கேட்காமல் விட்டது எந்தத் தெய்வத்தின் புண்ணியமோ.

"அக்கா, அலங்காரம் எண்டே விட்டிருக்கலாமே?"

"பொய்ப் பேர் சொன்னா சாங்கோ வராது, தம்பி. நடப்பம்."

நடந்தோம். தேருக்கு வீதியில் உடைத்த தேங்காய்த் தண்ணீரில் சப்பாத்து ஊற, தேர்க்கூட்டத்துக்குள் புகுந்து, கோடரியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் முன்னே. மனதுக்குள் திட்டிக்கொண்டு நான் பின்னே. சென் தெனி வரைக்கும். மண்டபத்தில் மேளம் அதிர அந்தக் கோடரி உயர்ந்தபோது, கால் கொப்பளத்தை மறந்து எழுந்து நின்றேன். அப்படியொரு பெருமை எனக்கு.

நாங்கள் வேலைசெய்த சாப்பாட்டுக்கடை இப்போது போன் கடை. ஃபோலா அக்கா கோடரியோடு ஊர் திரும்பிவிட்டார்.

போன தேருக்குக் காவடியோடு நின்றேன். ஒரு இளம் பொலிஸ், "தெகொரசியோனா?" என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

"இல்லை. காவடி."

"கவதி" என்றார்.

இன்னொருமுறை சொல்லிக்கொடுத்தேன், அவருக்குச் சரியாக வரும்வரை. கேட்கத்தான் ஃபோலா அக்கா இல்லை.