சாக்ஸில் கட்டிய உப்பு

ஆலங்கட்டி கொட்டிய அந்தக் கோடை மாலையில் கொண்டாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது நானும் என் அறைத்தோழன் அந்தோணியும் மட்டுந்தான். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரத் தெலுங்கு ஆன்ட்டி இல்லை. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு போயிருந்தார். வெந்து கிடந்த தரையில் கோலிக்குண்டு கோலிக்குண்டாகப் பனிக்கட்டி. தூத்துக்குடிக்காரர்களான நாங்கள் வானத்திலிருந்து ஐஸ் விழுந்து பார்த்ததே இல்லை.

வேடிக்கை பார்த்து முடிப்பதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டது. எலி ஏறக்கூடாதென்று மழைநீர்க் குழாயின் வாயில் ஆன்ட்டி கம்பிவலை அடித்திருந்தார். அதில் பாதாம் இலையும் பனிக்கட்டியும் சேர்ந்து இறுகிவிட்டன. கீழே கல்யாணத்துக்கென்று அப்போதுதான் பெயின்ட் அடித்த ஹால். ஒழுகினால் பழி மாடியில் இருக்கும் பேச்சிலர்கள்மேல்தான், அறை போய்விடும்.

எனக்கு இது தெரிந்த வியாதி. கச்சிபௌலியில் என் வேலையே, வீட்டுக் காப்பீடு எடுத்த அமெரிக்கர்களுக்குப் போனில் பதில் சொல்வது. அங்கே வீட்டுச் சூட்டில் கூரைப்பனி உருகி வழியும். குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டிக்கொள்ளும். தேங்கிய நீர் வீட்டுக்குள் இறங்கும். குளிர் தொடங்குமுன் கூரையோரத் தகரக் கால்வாய்களில் இலைகளை அள்ளிவிடுங்கள், பரணில் சூடு தங்கவிடாதீர்கள். அணை கட்டிவிட்டால் கோடாரியால் கொத்தாதீர்கள், பனி உருக்கும் உப்பைக் காலுறையில் நிரப்பிக் குறுக்கே வையுங்கள். பனியையே பார்க்காமல் இதையெல்லாம் சொல்லிவந்தேன்.

உப்புக்கு என்னிடம் பஞ்சமில்லை. அப்பா உப்பளக் கூலி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வேலைக்கு ரயிலேறியபோது அவர் கொடுத்துவிட்டது ஒரு பை கல்லுப்பு. ஆபீஸுக்குப் போடும் கறுப்புச் சாக்ஸில் அதை நிரப்பி முடிச்சுப் போட்டேன்.

"ஏலே, கையால அள்ளுனா வராதா?" என்றான் அந்தோணி.

"அள்ளிப் பாரு."

வலை அசையவில்லை. அவன் விரல்தான் மரத்துப்போனது. சாக்ஸை வைத்த கொஞ்ச நேரத்தில் குழாய் பெரிய ஏப்பம் விட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. உருக்கியது என் உப்பா, ஊர்ச் சூடா என்று நாங்கள் இன்னும் சண்டை போடுகிறோம்.

ஆன்ட்டி மாடியேறியபோது ஒரு பனிக்கட்டிகூட மிச்சமில்லை. மூலையில் முடிச்சுப் போட்ட கறுப்புச் சாக்ஸ், உள்ளே உப்பு.

"ஏன்டிதி பாபு? சேதபடியா?" செய்வினையா என்று கேட்கிறார்.

"லேது ஆன்ட்டி, ஐஸ் கோசம். அமெரிக்காலோ அந்தரூ பெடதாரு." ஐஸுக்காக, அமெரிக்காவில் எல்லாரும் வைப்பார்கள் என்றேன்.

"அமெரிக்காலோ கூடானா?" அங்கேயுமா என்று வாயில் கைவைத்தார்.

அந்தோணி ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்திருந்த ஆலங்கட்டியைச் சாட்சிக்குக் கொண்டுவந்தான். ஃப்ரிட்ஜிலிருந்து வரும் ஐஸை யார் நம்புவார்கள்? ஆன்ட்டியின் கணவர், அங்கிள், ஹாலைப் பார்த்துவந்தார். சொட்டு ஈரமில்லை. ஈரமே இல்லாத வீட்டுக்கு எதற்கு உப்பு என்றார். நடக்காமல் தடுத்ததை எப்படிக் காட்டுவது?

கடைசியில் ஆன்ட்டி, அறை உங்களுக்கே, ஆனால் பரிகாரச் செலவும் உங்களுடையது என்றார். மறுநாள் புரோகிதர் பந்துலு கல்யாணப் பெண்ணுக்குப் பூசணிக்காய் சுற்றும்போது ஆன்ட்டி எங்களையும் கூப்பிட்டார். "மீரூ நில்சோண்டி. இக்கட மீகு எவருன்னாரு?" நீங்களும் நில்லுங்கள், இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நின்றோம். அந்தோணி சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டான்.

சாக்ஸோடு உப்பைப் பக்கத்து ஏரியில் கரைத்தார்கள். அன்று போனில் அப்பா, "உப்பு தீந்துருச்சாய்யா? அனுப்பட்டுமா?" என்றார். தூத்துக்குடிக் கடல் கொஞ்சம் இங்கே ஏரியில் கிடக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

பூசணிக்காய், எலுமிச்சை, பந்துலு தட்சிணை எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது ரூபாய். அதோடு ஒரு கால் சாக்ஸ்.