பம்பரம் கட்டிய தவணைகள்

பிப்ரவரி 2: 6,840
பிப்ரவரி 6: 150
பிப்ரவரி 9: 220
பிப்ரவரி 10: 60
பிப்ரவரி 17: 400
பிப்ரவரி 20: 35
பிப்ரவரி 27: 800

இது ஒரு மாதக் கணக்கு. முதல் வரி தவணை. மற்ற ஆறும் தவணைக்கு மேல் கட்டியவை. கூட்டினால் 1,665 வருகிறது. ஒரே மாதத்தில் ஏழு முறை ஒரே கடன் அலுவலகத்தின் ஒரே ஜன்னலில் போய் நின்றவள் என் சகோதரன் மகள். தவழும் வயதிலேயே ஓரிடத்தில் இருக்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பிப்ரவரி 20 அன்று கட்டிய முப்பத்தைந்து, முந்தின வாரம் வேலைக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்து மிச்சம் பிடித்தது.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடும் இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து நீட்டினால் அந்தப் பக்கம் காய்ந்து மடிப்புக்குத் தயாராக வரும். அங்கே நின்று அலுத்தவள் வீட்டுக்கு வந்தாவது உட்காருவாளா என்றால், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள்.

"உட்கார்ந்து சாப்பிட்டா வட்டி ஏறுமா?" என்பார் அவள் கணவர்.

"ஏறும்" என்பாள்.

கடன் அந்தக் கணவரின் வண்டியால் வந்தது. ரொட்டிக் கம்பெனிக்குச் சொந்த வண்டி ஓட்டினால் கூலி இரட்டிப்பு என்று இரண்டரை லட்சம் கடன் வாங்கி ஒரு பழைய வேன் வாங்கினார். பதினொரு மாதத்தில் என்ஜின் உறைந்துபோனது. வேன் பழைய இரும்புக்குப் போனது, கடன் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. இப்போது அதே கம்பெனியின் வேனை மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். வேன் விற்ற பணத்தைக் கட்டி, மீதியைப் புதுக் கடனாக மாற்றியபோது அலுவலகம் ஈடு கேட்டது. இருந்தது வீடு ஒன்றுதான். என் சகோதரன் விட்டுப்போன இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதில் பாதி அவளுக்கு, பாதி அவள் தம்பிக்கு.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வாடகை இடம். கையெழுத்துப் போட அவன் மறுக்கவில்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னான்:

"அக்கா, மூணு வருஷம். மூணாவது வருஷம் டிசம்பர் முப்பத்தொண்ணு. அதுக்குள்ள பத்திரம் வரணும். வரலைன்னா வீட்டை வித்துக் கடனை அடைச்சிட்டு மிச்சத்தைப் பிரிச்சுக்குவோம். கடை இடத்தை ஓனர் எனக்கே தர்றேன்னு சொல்லியிருக்காரு. என் பங்கை ஈடு வச்சோ வித்தோதான் அதை நான் வாங்கணும்."

"வரும்டா. கையெழுத்தைப் போடு."

கடன் நாற்பத்தெட்டு மாதம், தம்பி கொடுத்தது முப்பத்தாறு மாதம். நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு மாதத்தைத்தான் அவள் அறுபதும் முப்பத்தைந்துமாகக் கட்டித் தின்றுவிடப் பார்த்தாள். மாதம் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு மேலே போனால் போதும் என்று ஜன்னல்காரர் ஒருமுறை கூட்டிச் சொல்லியிருந்தார்.

சேர்த்துவைத்து மாதக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டியிருக்கலாம். அது அவளால் முடியாது. வீட்டில் பணம் இருக்கிற இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. நூறு கையில் மிஞ்சினால் உள்ளங்கையில் வெந்நீர் பட்டதுபோலத் துடிப்பாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு தெரு தாண்டி ஓடி, கட்டிவிட்டு, ஓடி வருவாள்.

"இன்னைக்கு எவ்வளவும்மா?" என்பார் ஜன்னல்காரர்.

"அறுபது."

"இது கடன் ஆபீஸ்மா. உண்டியல் இல்ல."

"ஏன், அறுபதுன்னா கசக்குதா?"

"எனக்கென்ன, நீங்க அஞ்சு ரூபா கொண்டு வந்தாலும் முத்திரை குத்தித்தானே ஆகணும்."

பிப்ரவரி 27 அன்று எண்ணூறு கட்டினாள். மறுநாள் காலை அவள் மகள் பள்ளிக்கூடத்தில் ஆய்வகக் கட்டணம் நூற்றிருபது கேட்டார்கள் என்று வந்து நின்றது. வீட்டில் பதினெட்டு இருந்தது. பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

"கடனை அடைக்கக் கடன் வாங்குற ஒரே ஆளு எங்கம்மாதான்" என்றது பெண். அப்போது அதற்குப் பதினான்கு வயது, வாய்க்கு மட்டும் நாற்பது.

இப்படிப் பதின்மூன்று மாதம் போனது. இரண்டாம் வருடம் பிப்ரவரி நடுவில், கடன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணவரிடம் காட்ட ஆசைப்பட்டு, ஜன்னலில் நிற்காமல் உள்ளே போய் அதிகாரியிடம் நிலுவைக் கணக்கு கேட்டாள். அவர் தாளை எடுத்துக் கொடுத்தார். தவணை கட்டினால் எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவுதான் குறைந்திருந்தது. ஒரு காசு கூட அதிகமாகக் குறையவில்லை.

"அப்போ நான் மேல கட்டினது?"

"இருக்கே. முன்பணக் கணக்குல 23,760 இருக்கு."

"அது ஏன் கடன்ல கழியல?"

"அசல்ல கழிக்கணும்னா நீங்க எழுதிக் குடுத்திருக்கணும்மா. எழுதலைன்னா வரப்போற தவணைக்கு முன்பணமா சும்மா நிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, கடன் ஆரம்பிச்ச மாசத்துல எழுதிக் குடுக்கலாம். உங்களுக்கு ஜனவரி."

"இது பிப்ரவரி."

"ஆமா. போன மாசம் வந்திருக்கலாமே."

அறுபதையும் நூற்றைம்பதையும் தூக்கிக்கொண்டு அவள் ஓடின ஓட்டமெல்லாம் ஒரு காசு வட்டியைக்கூடக் குறைக்கவில்லை. அன்று திரும்பிப் போய் இயந்திரத்தின் முன் நின்றவள் ஒரு விரிப்பைக் கோணலாக விட்டு, அது உருளையில் சுருண்டு, அரை மணி நேரம் வேலை நின்றது. மேற்பார்வைக்காரி திட்டியது எதுவும் தனக்குக் காதில் விழவில்லை என்று பின்னால் சொன்னாள்.

அதற்குப் பிறகு மேற்பணத்தை அங்கே கட்டுவதை நிறுத்தினாள். அடுத்த ஜனவரி வரை வீட்டில் வைக்க வேண்டும். இங்கேதான் குடும்பமே திண்டாடியது. முதல் நாள் அரிசி டப்பாவில் வைத்தாள். இரண்டாம் நாள் எறும்பு வருமென்று துணி அலமாரிக்கு மாற்றினாள். மூன்றாம் நாள் அங்கே எல்லோரும் கை விடுவார்களே என்று சுவர்க் கடிகாரத்தின் பின்னால். கடிகாரம் கோணிக்கொண்டு நின்றுவிட, கணவர் ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போனார்.

"அம்மா, பணத்துக்கிட்ட வாடகை வாங்கலாம்மா. மாசத்துக்குப் பத்து வீடு மாறுது" என்றது மகள்.

"வாயை மூடு."

"எந்த வீட்டுல இருக்குன்னு உனக்காவது தெரியுமா?"

தெரியாமல்தான் ஒருநாள் நடுச்சாமத்தில் எல்லோரையும் எழுப்பினாள். பாயை உதறி, தலையணை உறையைத் திருப்பி, கடைசியில் கணவரின் மழைக்கோட்டுப் பையில் கிடைத்தது. அவர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சொன்னார்: "வண்டியை வாங்கினது நான். திட்டணும்னா என்னைத் திட்டிட்டுப் படு. இப்படி வீட்டைச் சுத்தாதே." அவள் திட்டவும் இல்லை, படுக்கவும் இல்லை. சமையலறைக்குப் போய்க் காய்ந்த பாத்திரங்களை மறுபடி துடைத்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு கடையின் இரும்பு ஷட்டர் அவர் மணிக்கட்டின் மேல் இறங்கியது. எலும்பு முறிவு, இரண்டு மாதம் வண்டி ஓட்ட முடியாது, ஓட்டாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. சேர்த்துவைத்ததில் பாதி மருத்துவத்துக்கும் அரிசிக்கும் போனது. ஆகஸ்ட் தவணைக்கு வழியில்லை. ஒரு தவணை தவறினால் நோட்டீஸ் வரும், நோட்டீஸ் தம்பிக்கும் போகும். அவகாசம் கேட்டுக் கெஞ்சலாம் என்று ஜன்னலுக்குப் போனாள். வாயைத் திறக்கும் முன்பே ஜன்னல்காரர் சொன்னார்:

"உங்களுக்குத்தான் ஆகஸ்ட் விழுந்திடுச்சேம்மா. முன்பணத்துல இருந்து எடுத்தாச்சு. செப்டம்பரும் அப்படியே எடுத்துக்கும்."

பதின்மூவாயிரத்து அறுநூற்று எண்பது போனது. பத்தாயிரத்து எண்பது மிஞ்சியது. எந்தப் பணம் வீணாகக் கிடக்கிறது என்று ஐந்து மாதம் தூங்காமல் இருந்தாளோ, அதுவே இரண்டு தவணையைத் தாங்கியது. சந்தோஷப்பட வேண்டிய இடம். அவள் பட்டாளா என்றால் இல்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே மனக்கணக்குப் போட்டுவிட்டாள்: தவணை தவறவில்லை, ஆனால் பதின்மூவாயிரம் பின்தங்கிவிட்டோம்.

ஜனவரியில் மிச்ச முன்பணத்தையும் வீட்டில் தப்பியிருந்த 6,200-ஐயும் அசலில் கழிக்க எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் வருடம் மேற்பணத்தை மறுபடி ஜன்னலிலேயே கட்டினாள். வட்டி குறையாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே இருந்தால் நம் கை போகாது என்றாள். கணவர் காலையில் ரொட்டி வண்டி, மாலையில் ஒரு மருந்துக் கடைக்குச் சாமான் கொண்டுபோகும் வேலை என்று இரண்டு பார்த்தார். அப்படியும் நவம்பரில் ஒரு தரகர் அளவு நாடாவோடு வந்து நின்றார். தம்பி அனுப்பியிருந்தான். தரகர் சமையலறையை அளக்கும்போது அவள் நாடாவின் மறுமுனையை மிதித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

"கொஞ்சம் காலை எடுங்கம்மா."

"இது என் காலு. என் வீடு. எங்க வேணா வைப்பேன்."

டிசம்பரில் முன்பணத்தையெல்லாம் கழித்தும் 36,900 நின்றது. தவணையாகக் கட்டினால் ஜூன் ஆகும். டிசம்பர் 13, சனிக்கிழமை, தம்பியின் கடைக்குப் போனாள். வாசலை மூன்று முறை தாண்டிப் போனாள். நான்காவது முறை அவனே வெளியே வந்தான்.

"என்ன, உள்ள வர்றதுக்கு டிக்கெட் கேட்கறாங்களா?"

"ஆறு மாசம் வேணும்டா."

"இந்த இடத்துக்கு இன்னொருத்தன் பணத்தோட நிக்கிறான்க்கா. ஜனவரில நான் பேசி முடிக்கலைன்னா கடையைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

"உன் ஓனர்கிட்ட நான் பேசறேன்."

"நீயா? நீ ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தாத்தானே பேச முடியும்?"

கல்லாவில் இருந்த அவன் மனைவி சிரிக்காமல் சொன்னாள்: "கூட்டிட்டுப் போங்க. நீங்க பேசினா பேரத்துல மூக்குக்கண்ணாடியையும் குடுத்துட்டு வருவீங்க."

கட்டட உரிமையாளர் வீட்டில் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் நினைவில் அவள் அவ்வளவு நேரம் நாற்காலியில் இருந்தது அன்று மட்டும்தான். அவர் முடிவாகச் சொன்னது இது: ஜூன் முடியக் காத்திருப்பார். அதுவரை கடை வாடகையில் மாதம் ஆயிரத்தைந்நூறு கூட. ஜூன் முப்பதுக்குள் விடுவித்த பத்திரத்தைக் கண்ணில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கடை இடம் மற்றவனுக்கு.

"அந்த ஆயிரத்தைந்நூறை நான் தர்றேன்" என்றாள் உடனே.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்: "எதுல இருந்து தருவே?"

"தெரியாது. நடடா."

மேற்பணமாகப் போய்க்கொண்டிருந்தது கடை வாடகைக்குப் போனது. தவணை மட்டும் மாதாமாதம் விழுந்தது. ஜூன் 4, வியாழக்கிழமை, கடைசியாக 4,090 கட்டினாள். பத்திரம் எங்கே என்று கேட்டாள்.

"தலைமை அலுவலகத்துல இருந்து முடிப்புக் கடிதம் வரணும்மா. அதோட பத்திரமும் தபால்ல வரும். இருபத்தொரு வேலை நாள்."

மகள் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். ஜூலை 3 வந்தது. மறுபடி எண்ணினாள். அப்போதும் ஜூலை 3.

அடுத்த நாளே தம்பியும் அவளும் சேர்ந்து போனார்கள். அதிகாரி விதி என்றார். தம்பி கத்தினான். அவள் கத்தவில்லை, கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது, யார் மேஜையில் இருக்கிறது, அந்த மேஜைக்கு என்ன தொலைபேசி எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். அதன்பின் தினம் இயந்திரத்துக்குப் போகும் முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை அந்த எண்ணுக்குப் பேசினாள். மூன்றாம் வாரம் மறுமுனையில் இருந்தவரே, "அம்மா, நீங்களா? கையெழுத்துக்குப் போயிருக்கு, ஃபோனை வைங்க" என்று பெயர் கேட்காமல் சொன்னார்.

கட்டுவதற்கு ஒன்றும் இல்லாத அந்த நாட்கள்தான் வீட்டில் எல்லோரையும் படுத்தின. ஜன்னலுக்குப் போக வேலையில்லை, மிச்சம் பிடித்த பணத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஒரு மாலை மகளுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். பெண் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

ஜூன் 26, வெள்ளிக்கிழமை, தபாலில் ஒன்றும் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தம்பி அவள் வீட்டிலேயே சாப்பிட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவள் விடுப்பு எடுக்கவில்லை. வீட்டில் இருந்தால் தரையைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிடுவேன் என்றாள். கணவர்தான் அன்று மருந்துக் கடை வேலைக்குப் போகாமல், ரொட்டி வேனோடு வாசலில் நின்றார். தபாலில் வந்தது பழுப்பு உறை, பத்திரம் உள்ளே. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அதைப் பிரிக்காமல் அப்படியே வேனில் வைத்துச் சலவைப் பிரிவின் பின்வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

முடிப்புக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: ஜூன் 29.