பூசை ஒயினும் பைலியின் தள்ளாட்டமும்

ஐம்பது வயது வரை கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர் பைலி. அவரைத்தான் ஊர் குடிகாரனாக்கியது. அதுவும் சாதாரணக் குடிகாரன் இல்லை, பூசைக்கு வைத்த ஒயினைத் திருடிக் குடித்தவன்!

அவர் மாதா கோயிலின் கப்யார். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது எல்லாம் அவர் வேலை. ஒயின் அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். பெருநாளை ஒட்டி அவருக்கு நடை தடுமாற ஆரம்பித்தது, நாக்குக் குழறியது. ஒருநாள் பீடத்தின் படியிலேயே விழப் பார்த்தார். நம் ஊரில் ஒருவன் தள்ளாடினால் காரணம் தேடி யாரும் வெகுதூரம் போவதில்லை.

பைலிக்கு இளமையிலிருந்தே வலிப்பு உண்டு. மனைவி எலிஸ்வாவைத் தவிர யாருக்கும் தெரியாது, மகள் திரேசாவுக்குக்கூட. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதால் வருடக்கணக்காக வலிப்பு வரவில்லை. இந்தப் பெருநாள் ஊர்வலத்தில் பொற்சிலுவை தூக்கும் முறை அவருக்கு வந்தது. அத்தனை பேர் நடுவில் சிலுவையோடு விழுந்தால்? அந்தப் பயத்தில், யாரையும் கேட்காமல், தினமும் ஒரு மாத்திரை கூட்டிக்கொண்டார். சிலுவை பத்திரமாகத் திரும்பியது. பயம் மட்டும் போகவில்லை, கூட்டியதை அவர் குறைக்கவும் இல்லை.

தள்ளாட்டம் முற்றியதும் எலிஸ்வா அவரை டவுனுக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

“இந்த மருந்து கொஞ்சம் கூடினாலே உடம்புல ஒரேயடியா ஏறிடும். தள்ளாட்டம் அதனாலதான். அதுக்காக மொத்தமா நிறுத்திடாதீங்க, வலிப்பு விடாம வந்துடும். நான் சொல்றபடி மட்டும் சாப்பிடுங்க.”

இதற்குள் கோயில் கணக்கு வழக்கைப் பார்க்கும் கைக்காரர் வறீது தீர்ப்புச் சொல்லியிருந்தார். “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் குடிச்சதை ஒத்துக்கிட்டு, குடியை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணு. இல்லன்னா சாவியை வச்சுட்டுப் போ.”

“பண்ணிட்டு வாங்க மனுசா,” என்றாள் எலிஸ்வா. “அடுத்த வாரம் திரேசாவுக்கு நிச்சயம் பேச வராங்க. குடிகாரன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பான். வலிப்புக்காரன் மகளை எவன் கேப்பான்?”

சரி என்றுதான் பைலி போனார். ஊர் பேசியதை எல்லாம் பொறுத்துக்கொண்டவருக்கு, தினமும் மெழுகுவர்த்தி ஏற்றிய அந்தப் பீடத்தின் முன் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அச்சனே,” என்று பாதிரியாரைப் பார்த்துச் சொன்னார், “நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்லை. எனக்கு வலிப்பு இருக்கு. பயந்துபோய் மாத்திரையை நானே கூட்டிச் சாப்பிட்டேன். இது அதோட தள்ளாட்டம்.”

எலிஸ்வா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நிச்சயம் பேச வேண்டியவர்கள் வரவே இல்லை. எலிஸ்வா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். திரேசாவும் அழுதாள். ஆனால், “என்கிட்ட ஏன் அப்பச்சா மறைச்சீங்க?” என்றுதான் அழுதாள், மாப்பிள்ளைக்காக அல்ல. பைலிக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஒருநாள் மத்தியானம் கொல்லைப்புறமாக வறீது வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று பைலி நினைத்தார்.

“எங்க மக ஜான்சிக்கும் வலிப்பு உண்டு பைலி,” என்றார் வறீது, தரையைப் பார்த்தபடி. “பொண்ணு பாக்க யாராவது வந்தா, அன்னைக்கு ரெண்டு மாத்திரை கூடுதலாக் கொடுப்போம். இப்ப அவளால நேரா நடக்க முடியல.”

“வறீதேட்டா, நீங்களா எதையும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட போலாம், கூட்டிட்டு வாங்க.”

“யாருக்கும் தெரியாமப் போக முடியுமா?”

“என்கூட பஸ்ல வந்தா, எதுக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.”

வறீது மகளை அழைத்துவர வீட்டுக்கு நடந்தார், இம்முறை தெரு வழியாக.